ஒரே அமைச்சரிடம் பேருந்தும் மின்சாரமும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு மதிப்பீடு

2025 ஏப்ரல் இறுதியில் தமிழக அமைச்சரவை மாற்றியமைக்கப்பட்டது. செந்தில்பாலாஜி வகித்து வந்த மின்சாரத் துறை, போக்குவரத்துத் துறை அமைச்சர் சா.சி. சிவசங்கரிடம் கூடுதலாக வந்து சேர்ந்தது. ஏறக்குறைய எல்லா வீடுகளின் அன்றாடத்தையும் தொடும் இரண்டு துறைகள் இவ்வாறு ஒரே அமைச்சரின் பொறுப்பில் அமைந்தன. இந்த ஏற்பாட்டின் நன்மையையும் குறையையும் எடைபோடக் கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ள தேனி மாவட்டம் பொருத்தமான இடம். அங்கே சாலையும் மின்சாரமும் ஒரே மலையடிவாரத்தில் சந்திக்கின்றன. லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில் பேருந்து கியரைக் குறைத்து முனகியபடி வளைவில் திரும்பும்போது, பெரியாற்றுத் தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் படும். தண்ணீர் மலையிலிருந்து இறங்கி மின்சாரமாகிறது. பேருந்து டீசலை எரித்து அதே மலையில் ஏறுகிறது.

பொறுப்பின் எல்லை

மாநில அமைச்சர் ஒருவரின் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை வரையறுக்கிறது. ரயில்வேயும் தேசிய நெடுஞ்சாலைகளும் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. மற்றச் சாலைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. மின்சாரமும் மோட்டார் வாகனங்களும் பொதுப் பட்டியலில் இருப்பதால், அவற்றில் இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம்.

போக்குவரத்துத் துறை அமைச்சரின் கீழ் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும், உரிமமும் அனுமதியும் வழங்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் வருகின்றன. பேருந்துக் கட்டணத்தை முடிவு செய்வது அரசு. மின்சாரத் துறை அமைச்சரின் கீழ் மின்வாரியத்திலிருந்து பிறந்த நிறுவனங்கள் வருகின்றன. 1957-ல் உருவான வாரியம் 2010-ல் தொடரமைப்புக்கும், உற்பத்தி மற்றும் பகிர்மானத்துக்கும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தது. 2024-ல் பகிர்மானம், உற்பத்தி, பசுமை எரிசக்தி என மறுபடியும் பிரிந்தது. ஆனால் மின்கட்டணத்தை நிர்ணயிப்பது அமைச்சர் அல்ல. மின்சாரச் சட்டம் 2003-ன்படி அது ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலை. எந்தப் பிரிவினருக்கு எவ்வளவு மானியம் என்பதை மட்டுமே அரசு முடிவு செய்ய முடியும்.

ஆக, பேருந்து டிக்கெட்டின் விலையில் அமைச்சருக்கு நேரடியான பிடி உண்டு. மின்கட்டண ரசீதில் அந்தப் பிடி இல்லை. இரு துறைகளையும் ஒருவரிடம் சேர்த்தாலும் இந்த வேறுபாடு அப்படியே நிற்கிறது.

முன்னுதாரணம்

இந்தச் சேர்க்கை தமிழகத்துக்குப் புதிதல்ல. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன், 1957 முதல் 1967 வரை சென்னை மாநில அமைச்சராக இருந்தபோது தொழில், தொழிலாளர் நலன், கூட்டுறவு ஆகியவற்றோடு மின்சாரத்தையும் போக்குவரத்தையும் சேர்த்தே கவனித்தார். லோயர்கேம்ப்பில் பெரியாறு மின்நிலையம் 1958-ல் இயங்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். நான்கு இயந்திரங்களோடு 140 மெகாவாட் திறனில் அமைந்த அந்நிலையத்தின் திறன், பின்னர் நடந்த புதுப்பிப்பால் 161 மெகாவாட்டாக உயர்ந்தது.

ஆனால் அன்றைய சுமை வேறு. பேருந்துத் தொழிலில் பெரும்பங்கு அப்போது தனியாரிடம் இருந்தது. மதுரைப் பகுதிக்கு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானதே 1972-ல்தான். இன்று எட்டுக் கழகங்கள் சேர்ந்து சுமார் 20,000 பேருந்துகளை இயக்குகின்றன. மின் இணைப்புகளின் எண்ணிக்கை 3 கோடிக்கும் மேல். பழைய உதாரணம் ஒரு வழியைக் காட்டுகிறது. இன்றைய பாரத்தை அதே தோள் தாங்கும் என்பதற்கு அது சான்றாகாது.

வெளிநாடுகளிலும் இப்படிப்பட்ட ஏற்பாடு உண்டு. சுவிட்சர்லாந்தில் சுற்றுச்சூழல், போக்குவரத்து, எரிசக்தி, தகவல்தொடர்பு ஆகிய நான்கும் ஒரே கூட்டாட்சித் துறையாக இயங்குகின்றன. அங்கே அமைச்சர் ஒருவர் என்பதோடு துறையும் ஒன்றே. தமிழகத்தில் நடந்தது அப்படியல்ல. அமைச்சர் ஒருவர், எரிசக்தித் துறைக்கு ஒரு செயலாளர், போக்குவரத்துத் துறைக்கு வேறொரு செயலாளர், சட்டமன்றத்தில் இரண்டு மானியக் கோரிக்கைகள். இந்த வேறுபாடுதான் மதிப்பீட்டின் மையம்.

நன்மைகள்

முதல் நன்மை, இரு துறைகளும் ஒன்றுக்கொன்று தேவைப்படும் காலம் வந்துவிட்டது என்பது. 2025 ஜூன் மாதம் சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பேருந்துப் பணிமனைக்கு உயர் அழுத்த மின் இணைப்பு வேண்டும். மின்னேற்றும் நேரத்தை மின்தேவையோடு பொருத்த வேண்டும். இரண்டு அமைச்சர்களுக்கு இடையே மாதக்கணக்கில் அலையக்கூடிய கோப்பை ஒரே மேசையில் முடிக்கலாம்.

தேனியில் இந்த நன்மை இன்னும் ஆழமானது. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரைக் கடந்து தமிழகத்துக்குள் நுழையும் நான்கு கணவாய்களில் கம்பமும் ஒன்று. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு மற்ற மூன்று. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணம். ஆடிக்காற்று இரவிலும் நிற்பதில்லை. ஆனால் ஊர் உறங்கியபின் மின்தேவை குறைந்துவிடும். தொடரமைப்பு ஏற்க முடியாதபோது காற்றாலைகளை நிறுத்தச் சொல்வது தமிழகக் காற்றாலைத் தொழிலின் பழைய வலி. அதே இரவு நேரத்தில்தான் கம்பம், போடி, தேனி பணிமனைகளில் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. வீணாகும் காற்று மின்சாரத்துக்கும் நிற்கும் பேருந்துக்கும் இடையே ஒரு கம்பி இழுத்தால் போதும். மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் பிடிக்கும் விசையை மின்சாரமாக்கித் திரும்பச் சேமிக்கும் திறன் மின்சாரப் பேருந்துக்கு உண்டு. குமுளி, போடிமெட்டு போன்ற தடங்கள் இதற்கு ஏற்ற சோதனைக் களங்கள். இரு துறைகளும் ஒரே அமைச்சரிடம் இருக்கும்போது இப்படி ஒரு திட்டத்துக்கு ஆணையிட, ஒரு துறை மற்றதன் இசைவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது நன்மை, நிதிப் பொறுப்பில் வரும் தெளிவு. இரண்டுமே சமூகக் கடமையைச் சுமந்து நட்டத்தில் நடக்கும் துறைகள். விவசாய மோட்டாருக்கு 1990 முதல் இலவச மின்சாரம் உண்டு. நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லாப் பயணம் உண்டு. இரண்டும் கம்பம் பள்ளத்தாக்கில் நேராகத் தெரிகின்றன: திராட்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரிலும், வாரச் சந்தைக்குப் போகும் பெண்ணின் கட்டணமில்லாச் சீட்டிலும். இந்தச் சலுகைகளின் செலவை நிதித்துறையிடம் ஒரே குரலில் கேட்டுப் பெறுவது எளிது.

குறைகள்

முதல் குறை, கவனம் சிதறுவது. ஒரு புயலில் மின்கம்பங்கள் சாயும் நாளிலேயே பேருந்துகளும் நிற்கும். இரண்டு நெருக்கடிகளும் ஒரே நேரத்தில் வருவது இந்த இரு துறைகளின் இயல்பு. அப்போது அமைச்சரின் நேரம் பெரிய நகரங்களை நோக்கியே இழுக்கப்படும். கம்பம்மெட்டுச் சாலையில் அறுந்த கம்பியும், தேவாரத்தில் வராத பேருந்தும் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும்.

இரண்டாவது குறை, கூடுதல் பொறுப்பு என்பது திட்டமிட்டு உருவான இணைப்பு அல்ல. ஓர் அமைச்சர் விலகியதால் இன்னொருவருக்கு வந்த துறை அது. எனவே பொதுவான இலக்கோ, பொதுவான அலுவலகமோ, இரு துறைச் செயலாளர்களையும் கட்டுப்படுத்தும் கூட்டுத் திட்டமோ அதனோடு வருவதில்லை. மேலே சொன்ன நன்மைகள் எல்லாம் வாய்ப்புகள் மட்டுமே. அவற்றைக் கட்டாயமாக்கும் எதுவும் இந்த ஏற்பாட்டில் இல்லை.

மூன்றாவது குறைதான் மிகப் பெரியது: பள்ளத்தாக்கு மக்களின் முக்கியமான தேவைகள் பல, இந்த இரண்டு துறைகளையும் சேர்த்தாலும் அவற்றுக்குள் அடங்குவதில்லை.

பெரியாறு மின்நிலையத்தையே எடுத்துக்கொள்ளலாம். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது பாசனத்துக்காக. ஏற்கெனவே நடந்துவந்த மின்னாக்கத்துக்கு 1970-ல் கேரளத்தோடு செய்த உடன்படிக்கை முறையான ஒப்புதல் தந்தது. ஆனால் எவ்வளவு தண்ணீர், எப்போது என்பதை முடிவு செய்வது நீர்வளத் துறை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது நெடுநாள் வழக்கம். நீர் இருப்பு குறைந்து, குடிநீருக்கு மட்டும் சிறிதளவு திறக்கும் காலங்களில் இயந்திரங்கள் நின்றுவிடும். நிலையம் மின்சார அமைச்சருடையது. அதைச் சுழற்றும் தண்ணீர் அவருடையது அல்ல.

ரயிலின் கதையும் இதுவே. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை அகலப் பாதையாக்கப்படுவதற்காக 2010 டிசம்பரோடு மூடப்பட்டது. தேனிக்கு ரயில் திரும்ப வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் மாதம். இந்தக் காலத்தில் போடி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம் இரண்டு முறை முதலமைச்சராகவே இருந்தார். அதற்கு முன் ஆண்டிபட்டி, எம்.ஜி.ஆரையும் ஜெயலலிதாவையும் தேர்ந்தெடுத்த தொகுதி. முதலமைச்சர் நாற்காலியே தொகுதிக்கு வந்தபோதும் தண்டவாளம் 12 ஆண்டுகள் காத்திருந்தது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர்கேம்ப் வரை ரயில் வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் கோரிக்கையாகவே இருக்கிறது. ரயில் ஒன்றிய அரசின் கையில் இருக்கும்வரை மாநிலப் போக்குவரத்து அமைச்சர் கடிதம் எழுதலாம், அழுத்தம் தரலாம். அதற்கு மேல் அதிகாரம் இல்லை. பள்ளத்தாக்கின் முதுகெலும்பான திண்டுக்கல்–குமுளி சாலையும், போடிமெட்டு ஏறி மூணாறு செல்லும் சாலையும் தேசிய நெடுஞ்சாலைகள்.

இவை வெளியார் கையில் உள்ளவை. அமைச்சரின் கைக்குள்ளேயே இருந்தும் தீராத ஒன்று ஜீப் பயணம். விடியுமுன் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடித் தெருமுனைகளில் தூக்குவாளியோடு பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு அவர்களை ஏற்றிச் செல்ல ஜீப்புகள் வரும். அளவுக்கு மீறி ஆள் ஏறும்; மலை வளைவில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து போவார்கள். கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் இவர்களுக்குத்தான் மிகவும் தேவை. ஆனால் தோட்டத்து வாசல்வரை பேருந்து போவதில்லை. மாநில எல்லை குறுக்கே நிற்கிறது. எல்லை தாண்டும் சிறுபேருந்துத் தடங்களுக்குக் கேரளத்தோடு உடன்பாடு காண்பது போக்குவரத்து அமைச்சரின் நேரடியான வேலை. அதற்கு மின்சாரத் துறையும் சேர்ந்து அவரிடம் இருக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு துறையை முழுமையாகக் கவனிக்கும் நேரம் இருந்தால் போதும்.

முடிவு

இரு துறைகளையும் ஒருவரிடம் சேர்ப்பது தன்னளவில் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல. மின்சாரப் பேருந்து, பணிமனைக் கூரையில் சூரிய மின்தகடு, காற்றாலை மின்சாரத்தைப் பயன்படுத்தும் மின்னேற்ற நிலையம் என இரு துறைகளும் கைகோக்க வேண்டிய இடங்களில் அது உண்மையான பயன் தரும். தண்ணீர், தண்டவாளம், நெடுஞ்சாலை ஆகியவற்றில் அது எதையும் மாற்றாது. ஜீப் பயணம் போன்ற சிறிய, பொறுமை தேவைப்படும் பணிகளில், நேரத்தைப் பங்கு போடுவதால் கெடுதலும் செய்யலாம்.

எனவே அமைச்சரவைப் பட்டியலில் துறைகளைச் சேர்ப்பதோடு அரசு நிற்கக் கூடாது. இரு துறைச் செயலாளர்களையும் கட்டுப்படுத்தும் ஒரு கூட்டுத் திட்டம் எழுத்தில் வேண்டும். மாவட்ட அளவில் மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே ஆகிய ஐந்தும் ஆட்சியர் முன்னிலையில் குறித்த கால இடைவெளியில் கூடி, எடுத்த முடிவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அமைச்சர் எத்தனை துறைகளைச் சுமக்கிறார் என்பது கம்பத்து விவசாயிக்கும் கூடலூர்த் தோட்டத் தொழிலாளிக்கும் பொருட்டல்ல. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் நேரத்துக்கு வந்ததா, வேலைக்குப் போனவர் பத்திரமாக வீடு திரும்பினாரா என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் இந்த ஏற்பாட்டின் தேர்வு முடிவு.