உப்பளத்தின் பெரும்பொழுது

சப்பானியக் குறும்பாவின் சுருக்கத்தைப் பாரதியார் 1916-இல், புதுச்சேரியில் வாழ்ந்த காலத்து, 'சுதேசமித்திர'னில் பாராட்டி எழுதினார். 1984-இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்க'ளும் அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி'யும் வெளிவந்தபின் ஐக்கூ நம்மிடையே பெருகிற்று. மூன்றடியை விரைவிற் கற்றுக்கொண்டோம். பருவச்சொல்லைக் கற்றோமா என்பதே வினா.

பதினேழு அசை கொண்ட ஐக்கூவிற் பருவம் குறிக்கும் சொல் ஒன்று வருதல் சப்பானிய மரபு. அச்சொல் வெறும் அணியன்று. அப்பருவத்து வாழ்வையே நெஞ்சில் எழுப்புவது. நம் முதற்பொருளும் ஏறத்தாழ இப்பணியையே செய்கின்றது. ஆயின் நெய்தலுக்குத் தொல்காப்பியர் எற்பாடு என்னும் சிறுபொழுதையே கூறினார். ஆறு பெரும்பொழுதும் அதற்கு உரியன என உரையாசிரியர் கொண்டனர். கடலை நோக்க இது பொருந்தும். உப்பளத்தை நோக்கப் பொருந்துமா?

புதுச்சேரிக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ள மரக்காணத்தைக் காண்க. தை, மாசியிற் பாத்திகளைச் சீர்செய்து உவர்நீர் பாய்ச்சுவர். வெயில் ஏற ஏற உப்பு விளையும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் பாத்திகள் மூழ்கும். தொழிலாளர் வேறு கூலி தேடுவர். கோடையில் ஒருநாள் பெய்யும் மழையும் விளைந்ததைக் கரைத்துவிடும். உழவர்க்கு வாழ்வாகும் மழை ஈண்டு இழப்பாகின்றது. வெயிலோ தன் கொடுமை நீங்காமலே சோறாகின்றது.

சங்கப் புலவர் இதனை நன்கறிவர். உப்பு விளைத்தலை மழையை நாடாத வேளாண்மையாக உலோச்சனார் காண்கிறார் (நற்றிணை 254). மழையேற்ற உப்பைப்போலத் தலைவி உருகிவிடுவாளோ எனத் தோழி அஞ்சுவதாக நல்லந்துவனார் பாடுகிறார் (நற்றிணை 88). பின்னது குறிஞ்சிப் பாட்டு என்பது எண்ணத்தக்கது. மலைநாட்டுத் துயரையும் உப்பளத்து மழையே உணர்த்திற்று.

இன்றைய குறும்பாக்கள் பலவற்றில் உப்பளம் வியர்வைக்கும் கண்ணீருக்குமே உவமையாகின்றது. கண்ணீர் கரிக்கும் என்று அறிய மரக்காணம்வரை செல்ல வேண்டியதில்லை. மழை வரின், அது பெரும்பாலும் மகிழ்ச்சிக்கே வருகின்றது. சித்திரையில் பெய்யும் ஒரே மழை திண்டிவனத்துப் புன்செயில் ஏர் பூட்டுவிக்கும். மரக்காணத்தில் விளைந்த பாத்தியை வெறும் நீராக்கும். 'சித்திரை மழை' என முதலடியிற் கூறி, அடுத்து ஒரு பாத்தியை மட்டும் காட்டின், 'இழப்பு' என்ற சொல்லே வேண்டா. ஆனால் படிப்போர் அப்பருவத்தை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? சப்பானியர் பருவச்சொற்களுக்கெனவே அகராதிகள் தொகுத்துள்ளனர். நாம் அத்தகைய தொகுப்பைச் செய்யப் புகின், நூலகத்தில் அன்றி, உப்பு வாருவோரிடமிருந்தே தொடங்கலாம்.