விற்பவரே போடும் மதிப்பெண்

"ஐந்தாம் ஜார்ஜ், 1919, ஒரு ரூபாய், வெள்ளி. யுஎன்சி. ஒரிஜினல் டோன். கண்டிஷன் படத்தில் உள்ளபடி."

பழங்காசு விற்கும் வாட்ஸப் குழுக்களிலும் ஃபேஸ்புக் பக்கங்களிலும் இப்படிப்பட்ட அறிவிப்புகளை நாள் முழுக்கப் பார்க்கலாம். இதில் 'யுஎன்சி' என்பது டீலர் தருகிற வாக்கு: இந்தக் காசு கைமாறிப் புழங்கவே இல்லை, நாணயச்சாலையில் அடித்த மெருகு அப்படியே இருக்கிறது என்று பொருள். 'படத்தில் உள்ளபடி' என்ற கடைசி வால் அந்த வாக்கை அடுத்த மூச்சிலேயே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. பிற்பாடு தகராறு வந்தால் "படம் போட்டேனே, பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று சொல்லலாம். விலையை மட்டும் முதல் வாக்கை வைத்தே கேட்பார்.

டீலரே கிரேடு போட்டு விற்பதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அதன் கோளாறைப் பலரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்துக்கு லட்சங்கள் தருவதாகக் கமிஷன் பறிக்கும் கும்பல்கள் பற்றி அந்த வங்கியே 2021இல் எச்சரித்தது. அது வேறு கதை, காவல் துறை பார்க்க வேண்டியது. நான் பேசுவது கடை வைத்து, பெயர் சொல்லி, உண்மையான காசையே விற்கும் டீலர்களைப் பற்றி.

கிரேடு ஏன் இவ்வளவு முக்கியம்? ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது பத்தரை கிராமுக்குச் சற்று மேல். சாதாரண ஆண்டுக் காசு, ஓரளவு தேய்ந்திருந்தால், அந்த வெள்ளியின் விலையைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகப் போகும். அதே ஆண்டுக் காசு தேயாமல் கிடைத்தால் விலை பல மடங்கு. அமெரிக்காவில் இதற்கு உச்சமான உதாரணம், 1884இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்த மார்கன் டாலர். 32 லட்சம் அடித்தார்கள். புழங்கித் தேய்ந்தது தேடினால் கிடைக்கும், புழங்காதது அபூர்வம். காசில் உள்ள முகத்தின் கன்னத்தில் லேசான உரசல் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியில் விலை தலைகீழாகிவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவரே காசை விற்பவராகவும் இருக்கிறார்.

இந்த அளவுகோலே விலையிலிருந்து பிறந்ததுதான். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் நாட்டின் பழைய செம்பு சென்ட்டுகளுக்காக ஒன்று முதல் எழுபது வரை எண் கொடுத்தார். எழுபது பெற்ற காசு ஒன்று பெற்றதைப் போல எழுபது மடங்கு விலை போகும் என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்தது. எண்கள் மட்டும் தங்கிவிட்டன. இன்று புழங்காத நிலைக்கு மட்டும் 60 முதல் 70 வரை பதினொரு படிகள் உண்டு. ஷெல்டனைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்து நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் மட்டமானவற்றை வைத்தார் என்பது அவர் இறந்த பிறகு வெளிவந்து, வழக்குவரை போனது. தரம் பார்க்கத் தெரிந்தவர்தானே எதை எடுக்க வேண்டும் என்றும் அறிவார்!

டீலர் கிரேடிங்கில் பொய் இருக்கிறது என்பது பொதுவான குறை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு டீலருக்குப் பழைய வீட்டுச் சரக்காக ரூபாய்க் காசுகள் நூறு வருகின்றன என்று வையுங்கள். அவருக்குக் கண் இருக்கிறது. உண்மையிலேயே முதல் தரமான ஐந்தாறு காசுகள் பெரிய ஏல நிறுவனத்துக்கோ, பழக்கமான பணக்காரச் சேகரிப்பாளருக்கோ நேரே போய்விடும். அடுத்த தட்டு கண்காட்சி மேசைக்கு. அவையெல்லாம் போக மிஞ்சுவதே 'யுஎன்சி' என்று எழுதப்பட்டு இணையத்துக்கு வருகிறது. எனவே முகம் தெரியாத வாடிக்கையாளர் பார்க்கும் சரக்கு ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டது. இதற்கு டீலர் அயோக்கியராக இருக்க வேண்டியதில்லை. நல்ல வியாபாரியாக இருந்தால் போதும். குறைத்துக் கிரேடு போட்ட காசு தவறிக் கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கூட்டிப் போட்ட காசு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், குறைத்துப் போட்டது அநேகமாகக் கிடைக்காது.

அடுத்தது படம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் தேய்மானம் முதலில் தெரிவது மேடான இடங்களில்: காது மடல், மீசை, கிரீடத்தின் கற்கள், அங்கியில் தொங்கும் சிறு யானை. அந்த யானைக்கே ஒரு வரலாறு உண்டு. 1911இல் வந்த முதல் காசில் தும்பிக்கை சரியாக விழாமல் பன்றி மாதிரித் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பி, காசைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டு யானையைத் திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்று இன்றும் தேடி வாங்குகிறார்கள். தேய்ந்த 1911 காசில் அது யானையா பன்றியா என்றே தெரியாது. ஆனாலும் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள்.

இந்த மேடுகளின் தேய்மானம் நல்ல படத்தில் தெரிந்துவிடும். தெரியாதது மெருகு. அடித்த கையோடு வைத்திருந்த வெள்ளிக் காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால் ஒளி அதன் முகத்தில் சக்கரம்போல் சுழன்று வரும். அமிலக் கரைசலில் முக்கியெடுத்த காசு பளிச்சென்று இருக்கும். சாய்த்தால் ஒளி அசையாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். நம் வீடுகளில் வெள்ளியைத் திருநீறு போட்டுத் தேய்ப்பது வழக்கம். பூஜை அறையில் வருடக்கணக்கில் அப்படி மின்னிய காசில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் இருக்கும். அசையாத படம் இந்த மூன்றையும் ஒன்றாகவே காட்டும், மஞ்சள் விளக்கில் எடுத்தால் இன்னும் மோசம். காசு மாலையிலோ தாலிச் சரட்டிலோ கோத்திருந்த காசின் விளிம்பில் பற்றவைத்த தடத்தை அரம் போட்டு எடுத்திருப்பார்கள். அதைக் காட்டுவது விளிம்புப் படம்தான், அதை எந்த டீலரும் தானாகப் போடுவதில்லை. பத்து விநாடி வீடியோ கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் யுஎன்சி விலை கொடுக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் இந்த முறை நிலைத்திருப்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. முதல் காரணம் எளிய கணக்கு. மூன்றாம் தரப்பு நிறுவனத்திடம் காசை அனுப்பி, கிரேடு வாங்கி, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் திரும்பப் பெறும் செலவு, சாதாரண விஎஃப் (ஓரளவு தேய்ந்த) ரூபாயின் விலையையே தாண்டிவிடும். அந்தக் காசுக்கு டீலர் கண்ணைவிட்டால் வேறு வழியில்லை.

இரண்டாவது காரணம், நல்ல டீலரின் அறிவு. விக்டோரியா ரூபாய்களில் 1862 என்ற ஆண்டு மாறாமல் பல வருடங்கள் அடிக்கப்பட்டது. 1874இல்தான் ஆண்டு எண் மாறியது. இடைப்பட்ட காலத்துக் காசுகளைப் பிரித்தறிய உதவுவது பின்புறம் உள்ள சின்னஞ்சிறு புள்ளிகள். அவற்றின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்து எது மலிவு, எது அரிது என்று சொல்ல ஆயிரக்கணக்கான காசைக் கையில் புரட்டியிருக்க வேண்டும். அச்சு சரியாக விழாமல் மங்கிய இடமா, புழங்கித் தேய்ந்த இடமா என்று பிரித்துச் சொல்வதும் அப்படியே. அயல்நாட்டு நிறுவன அலுவலகத்தில் இந்த வரிசையை எப்போதாவது பார்ப்பவரைவிட, முப்பது வருடம் இதையே விற்ற மூர் மார்க்கெட் வகைக் கடைக்காரர் சொல்வதை நான் நம்புவேன். கிரேடு எண் விஷயத்தில் அல்ல, ரகம் பிரிப்பதில்.

மூன்றாவது காரணம் சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசும் தொல்பொருளே. தனிமனிதர் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. ஐந்தாம் ஜார்ஜ் 1919 ரூபாய் இப்போது அந்த வரம்புக்குள் வந்துவிட்டது. ஆகவே "அமெரிக்காவுக்கு அனுப்பிக் கிரேடு வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை, அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்த அறிவுரை.

பெட்டியில் அடைத்த காசும் வேதவாக்கு இல்லை. ஒரே காசை உடைத்தெடுத்துத் திரும்பத் திரும்ப அனுப்பி, ஒரு எண் கூடும்வரை முயல்வது அங்கே பழகிய வியாபாரம். பெட்டியையே போலியாகச் செய்பவர்களும் உண்டு.

தங்கத்தோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். ஹால்மார்க் கட்டாயமாவதற்கு முன் '916' என்று நகைக்கடைக்காரரே சொன்னார், நாம் நம்பினோம். 2021 முதல் படிப்படியாக அது கட்டாயமாயிற்று. சந்தேகம் வந்தால் இயந்திரத்தில் வைத்துப் பார்க்கலாம். காசின் கிரேடுக்கு அப்படி இயந்திரம் கிடையாது. அது பழகிய கண் சொல்லும் அபிப்பிராயம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. போலிக் காசு வந்தால் அந்த விதி உதவும். யுஎன்சி என்று சொல்லி ஏயு (ஏறக்குறையப் புழங்காதது) வந்தால்? "என் கண்ணுக்கு யுஎன்சி" என்பதற்கு மேல் வாதம் நகராது. வாட்ஸப் குழுவில் ஜிபே அனுப்பி வாங்கியவர் இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு யாரைத் தேடிப் போவார்?

அமெரிக்காவில் 1986இல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு என்.ஜி.சி. என்று இரு கிரேடிங் நிறுவனங்கள் வந்ததும் அங்கே சந்தை மாறியது. அந்த நிறுவனங்கள் நடுநிலையானவை என்பதே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பி.சி.ஜி.எஸ்ஸைத் தொடங்கியவர்களே டீலர்கள்தான். கட்டணம் கொடுப்பதும் காசின் சொந்தக்காரர். அவர்கள் புதிதாகக் கொண்டுவந்தது உத்தரவாதம். கிரேடு கூடிப்போனது என்று பின்னால் நிரூபணமானால் நஷ்டத்தை நிறுவனம் ஏற்கும். அபிப்பிராயத்துக்குப் பின்னால் பணம் வைத்தார்கள். அந்த ஒன்றை எந்த டீலரும், இங்கேயும், தன் கடையிலேயே செய்யலாம்.

செய்பவர்கள் குறைவு. விற்கும்போது யுஎன்சியாக இருந்த காசு, அதே கடைக்குத் திரும்ப விற்கப் போகும்போது எக்ஸ்எஃப் (லேசாகத் தேய்ந்தது) ஆகிவிடுவது இந்த வட்டத்தில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கும் விஷயம். லாப வித்தியாசத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், கடைக்கு வாடகை இருக்கிறது. கிரேடு ஏன் இறங்க வேண்டும்?

1939ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் போன்ற அரிய காசை, ஆண்டு எண்ணைச் செதுக்கி மாற்றும் வேலை நடப்பதால், டீலர் வாக்கை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அது கிரேடுக்கு முந்தைய கேள்வி. மற்றபடி, சாதாரண ஆண்டுக் காசுகளை எக்ஸ்எஃப் என்று எழுதியிருந்தால் விஎஃப் விலைக்குப் பேசி வாங்குவதில் தவறில்லை. 'கழுவியது', 'விளிம்பில் பற்றவைத்த தடம்', 'சராப்பு முத்திரை (நாணயம் பரிசோதிப்பவர் குத்திய குறி) உண்டு' என்று குறையைத் தானே எழுதும் டீலர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எக்ஸ்எஃப் என்றால் அநேகமாக எக்ஸ்எஃப்தான். பேரம் பேசத் தேவையில்லை. ஏயுவுக்கு மேல், விலை தாவும் இடத்தில், பணம் அனுப்புவதற்கு முன் ஒரு செய்தி தட்டுங்கள்: "ஆறு மாதம் கழித்து இதை இதே கிரேடுக்கு எடுத்துக்கொள்வீர்களா சார்?" விலை என்ன தருவீர்கள் என்று கேட்க வேண்டாம், கிரேடை மட்டும் கேளுங்கள். நீலக் குறி விழுந்தும் பதில் வராவிட்டால் அடுத்த காசைப் பார்க்கலாம்.