சுறா வலையில் சிக்கிய நெத்திலி

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சட்டங்கள் என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி. "சின்னக் கம்பெனிகளைக் காப்பாற்றுகிறார்கள்" என்பது ஒன்று. "சட்டம் போட்டே தொழிலைக் கொல்கிறார்கள்" என்பது இன்னொன்று. இரண்டுமே மேலோட்டம் என்பது என் எண்ணம். சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அதன் வலைக்கண் எவ்வளவு பெரியது என்பதுதான் முக்கியம். இதற்கு 2015-இல் நடந்த வாட் வரி மாற்றத்தைப் பார்த்தாலே போதும்.

2014 வரை, ஐரோப்பாவுக்குள் மின்னூலோ மென்பொருளோ தனிநபருக்கு விற்றால், விற்பவர் இருக்கும் நாட்டின் வாட்தான். லக்சம்பர்க்கில் பொது விகிதம் 15%, ஹங்கேரியில் 27%. அமேசானின் ஐரோப்பியத் தலைமையகம் எங்கே? லக்சம்பர்க்கில். இந்த ஓட்டையை அடைக்க, 1 ஜனவரி 2015 முதல் வாங்குபவர் இருக்கும் நாட்டின் வரி என்று மாற்றினார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் குறைந்தபட்ச விற்பனை வரம்பு எதுவும் வைக்கவில்லை. அப்போது உறுப்பு நாடாக இருந்த பிரிட்டனில் உள்நாட்டு வாட் வரம்பு 81,000 பவுண்டு. வீட்டிலிருந்தபடி கம்பளிப் பின்னல் டிசைன்களை பிடிஎஃப்-ஆக விற்றவர் அதுவரை வாட் பக்கமே போக வேண்டியிருக்கவில்லை. இப்போது ஜெர்மனியில் ஒருவர் ஒரே ஒரு பிடிஎஃப் வாங்கினாலும் ஜெர்மன் வாட் கட்டியாக வேண்டும். எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் காலாண்டுக் கணக்கு கொடுக்க வசதி இருந்தது, உண்மைதான். ஆனால் வாங்கியவர் எந்த நாட்டுக்காரர் என்பதற்கு ஒன்றுக்கொன்று முரண்படாத இரண்டு ஆதாரங்கள் வேண்டும்: பில் முகவரி, ஐபி முகவரி, வங்கி இருக்கும் நாடு, இப்படி. விவரங்களை 10 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும்.

மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு ரொம்ப உறுத்துவது வேறு. அதே பிடிஎஃபைக் கையால் மின்னஞ்சலில் அனுப்பினால் இந்த விதி பொருந்தாது என்றது பிரிட்டன் வரித்துறை. தளமே தானாக அனுப்பினால் பொருந்தும்! டிஜிட்டல் யுகத்துக்கான விதி, டிஜிட்டல் ஆனதற்கே அபராதம் போட்ட மாதிரி.

சின்ன வியாபாரி என்ன செய்வார்? வழியும் சட்டத்திலேயே இருந்தது. ஆப் ஸ்டோர் மாதிரி ஒரு பெரிய தளம் வழியாக விற்றால், பொதுவாக அந்தத் தளமே விற்பனையாளராகக் கருதப்படும்; வாட் தலைவலி அதனுடையது. கமிஷனைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். பெரியவர்களை வழிக்குக் கொண்டுவர வந்த விதி, சிறியவர்களை அவர்கள் வாசலுக்கே தள்ளியது. 10,000 யூரோ வரம்பு 2019-இல்தான் வந்தது. நான்கு வருடம்!

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரிலும் இதே கதை வேறு உருவில். 250 பேருக்குக் குறைவான நிறுவனங்கள் தரவுக் கையாளல் பதிவேடு வைக்க வேண்டாம் என்கிறது 30-ஆவது பிரிவு. ஆனால் தரவைக் கையாள்வது 'எப்போதாவது' நடப்பதாக இருக்க வேண்டுமாம். மாதாமாதம் சம்பளம் போடுவது எப்போதாவது நடப்பதா என்ன? விலக்கு காகிதத்தில் மட்டும்தான்.

2022-இன் டிஜிட்டல் சந்தைச் சட்டம் இதற்கு நேர்மாறு. ஒன்றியத்துக்குள் மாதம் 4.5 கோடிப் பயனர்கள், ஆண்டுக்கு 10,000 வணிகப் பயனர்கள், 750 கோடி யூரோ விற்றுமுதல் அல்லது 7,500 கோடி யூரோ சந்தை மதிப்பு என்பவைதான் அதன் முக்கிய அளவுகோல்கள். 2023 செப்டம்பரில் சிக்கியவை ஆறே நிறுவனங்கள். சின்னக் கம்பெனி ஒரு படிவமும் நிரப்ப வேண்டாம். வலைக்கண் சரி. ஆனால் வலையை இழுப்பதில் வேகம் போதாது. வெளியே கிடைக்கும் மலிவான சலுகைகளைப் பற்றிப் பயனர்களிடம் சொல்லவிடாமல் ஆப் தயாரிப்பாளர்களைத் தடுத்ததற்காக ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விழுந்தது 2025 ஏப்ரலில்தான். அந்தப் பணமும் சிறிய நிறுவனங்களுக்குப் போவதில்லை. விதிமீறல் நிற்கும் நாளில்தான் அவர்களுக்கு லாபம்.

எந்த டிஜிட்டல் சட்டம் வந்தாலும் நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான். இரண்டே பேர் நடத்தும் ஒரு கம்பெனி இதற்குக் கீழ்ப்படிய ஆகக் குறைந்த செலவுள்ள வழி எது? "ஏதாவது ஒரு பெரிய தளத்துக்குள் போய்விடு" என்று பதில் வந்தால், முகவுரையில் சிறுதொழில் வளர்ச்சி என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் அந்தச் சட்டம் வேலை செய்வது பெரியவர்களுக்குத்தான்.