‘எஞ்சாயி எஞ்சாமி’: பொருள் நம்முடையது, பாட்டு யாருடையது?

“பாட்டு வெளிய வந்துட்டா, அது கேக்கறவங்க சொத்து” என்று சொல்வதுண்டு. கவிதை நயத்திலும் இதே சிக்கல்தான்: கவிஞரின் நோக்கமா, வாசகரின் புரிதலா? அண்மைக்காலப் பாடல் ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலைப் பாடகி தீயும் அறிவும் பாடினர். தயாரித்தவர் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே பாடலின் வேர் என்று, வரிகளை எழுதிய அறிவு கூறியிருக்கிறார். மண்ணைப் பண்படுத்தியவருக்கு மண் இல்லை என்பதே அவர் நோக்கம்.

நியாலாஸ் வட்டாரத்தில் கேட்பவருக்குத் தேயிலை நினைவுக்கு வராது; பால்மரம்தான் வரும். காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள், தோட்டத் துண்டாடலின்போது லயத்து வீட்டை விட்டுப் போனவர்கள் கண்முன் நிற்பார்கள். அறிவு நம் தோட்டத்தை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் இப்பொருள் பொருந்தும். முன்னோர், மண், தீராத தாகம் ஆகிய மூன்றும் பாடலிலேயே உள்ளன. பல உயிர்களின் பெயர்கள் வருவதால் இயற்கைப் பாட்டு என்பாரும் உண்டு. அதற்கும் சான்று இருக்கிறது. வெறும் ஆட்டப் பாட்டு என்றால் மட்டும் ஒப்பாரிச் சாயல் விளக்கமின்றி நின்றுவிடும்.

ஆக, பொருள் திறந்தே இருக்கிறது. ஆனால் படைத்தவர் பெயரும் அப்படித் திறந்து கிடக்கிறதா?

2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீ இடம்பெற்றார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் கேள்வி எழுப்பினார். 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாடல் மேடையேறியது. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது தாமே என்று அறிவு அறிக்கை விட்டார். சந்தோஷ் நாராயணன் இசையில் ஒவ்வொருவரின் பங்கையும் விளக்கிப் பதில் தந்தார். மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அவர்களுக்குள் உள்ள வழக்கு. நமக்கான பாடம் வேறு. நட்சத்திர ஒளி மேடையில் நிற்பவர்மேல் விழுகிறது. எழுதியவர் இருட்டுக்குப் போகிறார். உழைத்தவருக்கு உரிமை இல்லை என்று பாடிய பாட்டுக்கே இந்த நிலை! “எல்லாருக்கும் பொதுவான பாட்டு” என்பதற்கு “யாரும் எழுதாத பாட்டு” என்று பொருளல்ல.

மாணவர்களே, விடை எழுதும்போது மூன்றையும் பிரித்து எழுதுங்கள்: கவிஞர் வெளியே சொன்னது, வரிகளில் இருப்பது, உங்கள் அனுபவம் சேர்ப்பது. நடுவில் உள்ளதே சான்று. அது இல்லாமல் மற்ற இரண்டும் நிற்காது. “எனக்கு அப்படித் தோணுது” என்பதோடு நிறுத்தாமல், எந்தச் சொல்லால் தோன்றியது என்று காட்டுங்கள். பாடலாசிரியர் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.