அப்போய் என்னவாக வேண்டும்?

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. மறு ஆண்டு 28-வது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானது. நான் அதைப் பல்கலைக்கழக விடுதியில், நண்பனின் மடிக்கணினியில் பார்த்தேன். போன மாதம் மறுபடியும் பார்த்தேன். இப்போது பொறியாளர் வேலை, காருக்கு மாதத் தவணை. படம் வேறாகத் தெரிந்தது.

இந்தப் படத்தைப் பற்றி நம்மிடையே உள்ள பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையன் எப்படிக் குண்டர் கும்பல் பக்கம் சாய்கிறான். தப்பில்லை. ஆனால் எனக்கு இது ‘நீ என்னவாகப் போறே?’ என்ற கேள்வியைப் பற்றிய படமாகப் பட்டது.

12 வயது அப்போய் குறும்புக்காரன், கற்பனைக்காரன். அப்பா மணியம் அவனிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று: படி. குடும்பத்தில் இன்னும் இரண்டு ஆண்கள். பாலா போதையில் சிக்கி மீண்டவன். துரை கும்பலில் இருப்பவன். தோட்டம் கைவிட்டுப் போனபின் ஆண்களுக்கு மிஞ்சிய மூன்று வழிகள் இவர்கள் என்று சொல்லலாம்.

மணியத்தின் அந்தப் ‘படி’யைக் கவனியுங்கள். அதற்குள் ஒரு வாழ்க்கையின் சித்திரம் இல்லை. ‘என்னைய மாதிரி ஆயிடாதே’ என்ற பயம்தான் இருக்கிறது. மகன் எதுவாக ஆகக்கூடாது என்று மட்டும் தெரிந்த அப்பா. துரையிடமோ கண்ணுக்குத் தெரிகிற ஓர் உருவம் இருக்கிறது. பயத்துக்கும் உருவத்துக்கும் போட்டி வந்தால் 12 வயதில் எது ஜெயிக்கும்? அப்போய் கெட்டவர்களால் கெடவில்லை. நல்லவர்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. மலாயில் ‘ஜஹாட்’ என்றால் கெட்ட. அதுதான் நம் வாயில் ‘ஜகாட்’. அந்தச் சொல் பையனைவிட அவனைச் சுற்றி இருந்த வெறுமைக்கே பொருந்துகிறது.

அந்தப் பயத்தை எனக்குத் தெரியும். கோலசிலாங்கூரில், புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். யு.பி.எஸ்.ஆர். எழுதிய ஆண்டில் ‘என் ஆசை’ கட்டுரையை வகுப்பே மனப்பாடம் செய்தது. ‘மருத்துவர்’ என்று இருந்த இடத்தில் ‘பொறியாளர்’ என்று மாற்றினேன். அவ்வளவுதான் என் சொந்தப் பங்கு. பக்கத்தில் இருந்தவன், கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருபவர்களுக்குப் படகு வலிக்க வேண்டும் என்று எழுதினான். வாத்தியார் நோட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். வகுப்பு சிரித்தது. நானும்தான்.

படத்தில் எனக்குக் குறையாகத் தெரிவது அம்மா. ஆண்களுக்குக் கொடுத்த கவனத்தில் பாதிகூட அவருக்கு இல்லை. என் அம்மா இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போய், பழம் பொறுக்கி, எங்களைப் படிக்க வைத்தார். ‘என் ஆசை’ என்று அவரை யாரும் எழுதச் சொன்னதில்லை. ஆனால் என்னைச் சுற்றி, எதற்காக எழுந்திருக்கிறோம் என்று தினமும் தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். அப்படி ஒருத்தியின் பக்கம் கேமரா திரும்பியிருந்தால் மணியம் காட்ட முடியாத ஒன்றைப் படம் நமக்குக் காட்டியிருக்கும்.

ஆனால் ‘ஜகாட்’ ஒரு பொய்யைச் சொல்லவில்லை. படித்துப் பட்டம் வாங்கிவிட்டால் கேள்வி முடிந்தது என்று அது நம்மைத் தேற்றவில்லை. பட்டம் வாங்கியவனுக்கு அந்தக் கேள்வி தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு அந்தப் பழைய நண்பனைப் பார்த்தேன். லோரி ஓட்டுகிறான். “டேய், இஞ்சினியர்னு எழுதுனே, ஆயிட்டே. இப்ப சந்தோசமா இருக்கியா?” என்றான். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டான்.

“சம்பளம் பரவால்லடா” என்றேன்.