மெல்ல அசைவது எதுவரை உதவும்?

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் நடப்பதென்றால் ஒன்று ஏற வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும். சாமைக் காட்டில் குந்திக் களை பறிப்பது, ஏணியில் எட்டி மிளகு பறிப்பது, சுமையோடு சரிவில் இறங்குவது என்று இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஓயாத வேலை. உடம்பைக் கவனித்தபடி மெல்ல அசையும் பயிற்சி, நாற்காலியிலேயே நாளைக் கழிக்கும் நகரத்தாருக்குக் குறையே இல்லாத மருந்தாகத் தோன்றும். இந்த மலைக்காரர்களின் முழங்காலை நினைத்துக்கொண்டு எடை போட்டால்தான் அதன் எல்லை தெரிகிறது.

தமிழ்நாட்டில் இப்பயிற்சிக்குத் தெளிவான வடிவம் தந்தவர்கள் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மகன் தேசிகாச்சாரும். தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தில், கையைத் தூக்கும்போது மூச்சை இழுத்து, குனியும்போது விட்டு, ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு கோத்துக் கற்பிக்கிறார்கள். ஆசனத்துக்காக ஆளை முறுக்காதே, ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்று என்பது அவர்கள் கொள்கை. இந்த முறையின் பெரிய பலம் அதுதான் என்பேன். அளவு மீறினால் வலி வருமுன்பே மூச்சு தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடும். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் கைகால் இருக்கும் நிலையை மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அவசரம் குறைந்தால்தான் அது நம் காதில் விழும்.

இதற்கு ஆதாரமும் உண்டு. முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2016-இல் வெளியான ஆய்வில், 12 வாரம் தாய் சீ என்னும் மெல்லசைவுப் பயிற்சி செய்தவர்கள் வழக்கமான இயன்முறை சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாகவே தேறினார்கள். ஆனால் தாய் சீ நின்றபடி, முழங்காலைச் சற்றே மடக்கி, உடல் எடையைக் காலுக்குக் கால் மாற்றிச் செய்வது. கவனத்தோடு பளுவும் அதில் சேர்ந்திருக்கிறது. பாயில் படுத்துச் செய்யும் மெல்லசைவும் இதே பலனைத் தரும் என்று வாதிட இந்த ஆய்வு உதவாது.

மூட்டு நன்றாக மடங்கினாலே அது நலமாயிருக்கிறது என்ற நம்பிக்கை இன்னும் பெரிய குறை. பீஜிங்கின் வயதான பெண்களுக்கு அமெரிக்கப் பெண்களைவிட முழங்கால் தேய்மானம் அதிகம் என்று கண்ட ஆய்வாளர்கள், இளவயதில் நெடுநேரம் குந்தியிருந்ததற்கும் அதற்கும் தொடர்பு கண்டார்கள். களைக்காட்டில் குந்துபவரிடம் போய் இன்னும் ஆழமாகக் குந்தச் சொல்வது அவருக்குச் செய்யும் தீங்கு. சுமையோடு இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாய்கிறதா, எந்தக் காலில் பாரம் விழுகிறது, எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று வேலைக்குள்ளேயே கவனிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவருக்கு உதவும்.

அந்தக் கவனம்கூடச் சுமையின் எடையைக் குறைத்துவிடாது. கொல்லிமலைப் பெண்களுக்கு உரலில் சாமை குத்தும் பாடு குறைந்தது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் சிறுதானிய அரவை இயந்திரங்கள் வந்த பிறகுதான். உழைப்பின் பாரத்தைத் தொடாமல் விழிப்புணர்வை மட்டும் போதிப்பது, வலிக்கான பொறுப்பை வலிப்பவர் தலையிலேயே கட்டுவதாகும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. கொல்லிமலைக்கு வரும் சிகிச்சையாளர்கள் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடாமல் காட்டுச் சரிவுக்கும் போய், அங்கே உடம்பு வேலை செய்வதைப் பார்த்துப் பயிற்சியை வகுக்க வேண்டும். அதற்கு வேண்டிய நேரத்தையும் ஆட்களையும் அரசு தர வேண்டும்.