உஷ்ணத்தை ஆளும் அதிகாரம்

குளிர் தேசத்து வீடுகளில் சுவரோரம் அடக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் தெர்மோஸ்டாட் என்னும் சிறு சாதனத்தை வெறும் சௌகரியப் பொருளென்று எண்ணுவது, வின்னிபெக்கிலும் மினியாபோலிஸிலும் ஜனவரி மாதத்து இரவு எப்படிப்பட்டதென்று அறியாதவர்களுக்கே இயலும். பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்ஸியஸ் வரை குளிர் இறங்கக்கூடிய அவ்வூர்களில், வீட்டைச் சூடாக்கும் நிலவறை ஃபர்னஸ் நெடுநேரம் மூளாமல் கிடந்தால், மனிதர் நடுங்குவதோடு காரியம் முடிவதில்லை. குழாய்களிலுள்ள நீர் உறைந்து, குழாய் வெடித்து, வீடே பாழாகும். ஆகவே, அந்த ஃபர்னஸை ஏவவும் நிறுத்தவும் தெர்மோஸ்டாட்டுக்கு உள்ள அதிகாரத்தைக் கம்ப்யூட்டருக்கும் கைப்பேசிக்கும் மாற்றித் தருகிற இக்காலத்து வழக்கத்தின் குணதோஷங்களைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

இச்சாதனத்தின் பழைய கதையிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஒயிட்வாட்டர் என்னும் ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் போதித்த வாரன் ஜான்ஸன் என்ற பேராசிரியர், பணியாள் வகுப்புதோறும் நுழைந்து உஷ்ணத்தைப் பார்த்துப் போவதால் பாடம் தடைப்படுவதைச் சகியாமல், 1883-இல் மின்சாரத் தெர்மோஸ்டாட் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பரம்பரையின் சிகரமென்று, ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்து ஹனிவெல் ஸ்தாபனம் 1953-இல் வெளியிட்ட வட்டத் தெர்மோஸ்டாட்டைச் சொல்லலாம். இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த ஒரு சுருளும், அதன்மேல் பாதரசம் அடைத்த ஒரு கண்ணாடிக் குமிழும்தான் அதன் சர்வ சொத்து. அறை குளிர்ந்தால் சுருள் நெளிந்து குமிழ் சாய, பாதரசம் ஓடி இரு கம்பிமுனைகளை இணைக்கும், ஃபர்னஸ் மூளும். அந்தத் தெர்மோஸ்டாட் தன் ஜீவனத்துக்கென்று ஒரு துளி மின்சாரமும் கேட்டதில்லை என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், இன்றைய சங்கடங்களில் பாதி அந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

வட அமெரிக்க வீடுகளில் ஃபர்னஸுக்குள் இருக்கும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட் மின்சாரத்தைத் தருகிறது. ஆர் என்று குறித்த வயர் அதைத் தெர்மோஸ்டாட்டுக்குக் கொண்டு வருகிறது. டபிள்யூ என்ற வயர் வெப்பத்தையும், ஒய் என்பது குளிரூட்டியையும், ஜி என்பது விசிறியையும் ஏவுகின்றன. பழைய வட்டத் தெர்மோஸ்டாட்டுக்கு ஆர், டபிள்யூ ஆகிய இரண்டும் போதும் என்பதால், வெப்பம் மட்டுமே உள்ள வீடுகளைக் கட்டியவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். திரையும் ரேடியோவும் கொண்ட இன்றைய தெர்மோஸ்டாட்டுக்கோ ஓயாத மின்சாரம் வேண்டும். அதற்கு டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனையிலிருந்து வரும் பொது வயரான சி வயர் வேண்டும். அது இல்லாத வீட்டிலும் தன் சரக்கை விற்க விரும்பிய உற்பத்தியாளர்கள் கண்ட உபாயம், ஃபர்னஸ் மூளாதிருக்கும் வேளையில் அதை ஏவும் ரிலே என்னும் மின்விசையின் சுருள் வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைத் திருடிப் பாட்டரியை நிரப்பிக்கொள்வது. பல வீடுகளில் இந்தத் திருட்டு அம்பலமாவதில்லை. சில வீடுகளிலோ ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும், அல்லது ஃபர்னஸ் தானாகவே மூளும், அல்லது பாட்டரி வற்றி எல்லாமே அடங்கிவிடும். சி வயர் வேண்டியதில்லை என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை ஒரு சிறப்பாக நான் கருதவில்லை. அது ஒரு சமரசம், அவ்வளவே. ஐந்து இழைகள் கொண்ட புதிய கேபிளை இழுத்துவிடும் செலவு, நல்ல தெர்மோஸ்டாட்டின் விலைக்கு முன் பெரிதன்று. சில வீடுகளில் உபயோகிக்காத ஓர் இழை சுவருக்குள்ளேயே மடிந்து கிடப்பதும் உண்டு. வயரின் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது: நீலம் எப்போதும் சி ஆகாது, ஃபர்னஸின் பலகையில் அது எந்த எழுத்தில் முடிகிறதென்று பார்ப்பதே பிரமாணம்.

வெப்பம் தரும் முறையை அறியாமல் தெர்மோஸ்டாட் வாங்குவது இதைவிடப் பெரிய பிழை. கியூபெக் மாகாணத்தில் சுவரடியில் பொருத்தும் மின்சார ஹீட்டர்கள் மிகுதி. அங்கே தெர்மோஸ்டாட்டுக்கு வரும் வயரில் 240 வோல்ட் ஓடுகிறது. 24 வோல்ட்டுக்கென்று செய்ததை அதில் இணைத்தால் சாதனம் எரிந்துபோவதோடு உயிருக்கே அபாயம். வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் உள்ள வீட்டிலோ அபாயம் நூதனமானது: இரவில் உஷ்ணத்தைக் குறைத்து விடியலில் சட்டென்று ஏற்றச் சொன்னால், துணைக்கு வைத்திருக்கும் மின்சாரச் சுருள்கள் மூண்டு, மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

குணங்களையும் மறைக்கலாகாது. ஒரு நாளில் எட்டு மணி நேரம் உஷ்ணத்தை 7 முதல் 10 ஃபாரன்ஹீட் டிகிரி குறைத்து வைத்தால் ஆண்டுக்குப் பத்து சதவிகிதம் வரை சேமிக்கலாம் என்பது அமெரிக்க எரிசக்தி இலாகாவின் கணக்கு. நேரம் குறித்து வைக்கும் பழைய மின்னணுத் தெர்மோஸ்டாட்டுகள் இதையே வாக்களித்தன. ஆனால் ஜனங்கள் அவற்றை முறையாக உபயோகிப்பதில்லை என்று கண்டு, எரிசக்திச் சிக்கனத்துக்காக அவற்றுக்கு அளித்துவந்த எனர்ஜி ஸ்டார் முத்திரையை 2009-இன் இறுதியில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஆளில்லை என்பதைத் தானே உணர்ந்து குறைத்துக்கொள்ளும் புதிய சாதனம், மனிதரின் சோம்பலுக்கு மெய்யான மாற்று. டொரன்டோவின் ஈகோபீ நிறுவனம் 2014-இல் கொண்டுவந்தது போன்ற, வேறு அறைகளில் வைக்கும் உணர்விகளும் நல்லவையே. எனினும் டொரன்டோ வட்டாரத்தில் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடும் நம்மவர்கள், கீழே ஓர் உணர்வியை வைத்துவிட்டால் மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் வழக்குத் தீருமென்று எண்ணினால் ஏமாந்து போவார்கள். ஃபர்னஸ் ஒன்று, காற்றுக்குழாய் ஒன்று என்றிருக்கும்போது, உணர்வி குளிரைச் சொல்லுமே தவிரக் கீழே வெப்பத்தை அனுப்பாது.

முக்கியமான தோஷம், முடிவு செய்யும் புத்தியைச் சுவரிலிருந்து பெயர்த்து வேறோரிடத்தில் வைப்பது. அறைகளில் உணர்விகளை மட்டும் பதித்து, ஒரு கம்ப்யூட்டர் அவற்றைப் படித்து ரிலேயை நேராக இயக்கும்படி அமைப்பதில் சில ஆர்வலர்களுக்குப் பெருமிதம் உண்டு. மிகுந்த சாமர்த்தியம் வேண்டும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் உறைந்து நின்றால், ரிலே மூடியிருக்குமானால் வீடு வெந்துகொண்டே இருக்கும், திறந்திருக்குமானால் குழாய்கள் உறையும். மூளை தொலைதூரத்து நிறுவனத்திடம் இருந்தாலும் நிலை வேறன்று: 2016 ஜனவரியில் நெஸ்ட் தெர்மோஸ்டாட்டின் மென்பொருளில் நேர்ந்த ஒரு பிழையால் பாட்டரிகள் வற்றிப் பல வீடுகள் குளிரில் விடப்பட்டன, 2011-இல் அறிமுகமான அதன் முதல் தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் 2025 அக்டோபரில் ஆதரவு நிறுத்தப்பட்டதால், அவை கைப்பேசியிலிருந்து ஏவ இயலாமல், சுவரிலேயே கையால் இயக்கும் கருவிகளாக எஞ்சின.

ஆகையால் என் அபிப்பிராயம் இது: தெர்மோஸ்டாட் தன் புத்தியால் தானே இயங்கட்டும், கம்ப்யூட்டர் இத்தனை டிகிரி வேண்டுமென்று சொல்வதோடு நிற்கட்டும், அந்தப் பேச்சும் இணையத்தைச் சுற்றி வராமல் இஸட்-வேவ், ஜிக்பீ போன்ற ரேடியோ வழிகளில் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். சி வயர் உள்ள சாதாரண ஃபர்னஸ் வீட்டில் இன்னொன்றும் செய்யலாம். பாட்டரியும் வேண்டாத ஒரு பழைய மாதிரித் தெர்மோஸ்டாட்டை ஆர், டபிள்யூ வயர்களுக்கிடையே இணையாகப் பொருத்தி 10 டிகிரி செல்ஸியஸில் வைத்துவிட்டால், புதியது செயலற்றுப் போகும் இரவில் மின்சாரமும் ஃபர்னஸும் நலமாக இருக்கும்வரை குழாய்கள் உறையாமல் அது காக்கும்.